ஓடு: ஒரு சொல், ஓராயிரம் வேலை

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இளையரசனேந்தல் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜமீன் ஊர். பெயரைப் பிரித்தால் இளையரசன், ஏந்தல் என்று இரண்டு சொற்கள் கிடைக்கும். அந்த இளையரசன் யார் என்று தேடுவது வரலாற்று ஆய்வாளர்களின் வேலை. மொழியில் ஆர்வம் உள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டியது ஏந்தல் என்ற சொல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் ஏந்தலுக்குப் பல பொருள் வரும். கையில் தாங்குவது ஏந்தல். மேடான இடம் ஏந்தல். பெருமை ஏந்தல். பெருமை உடையவரும் ஏந்தல், அரசனும் ஏந்தல். மழைநீர் தேங்கும் ஏரியும் ஏந்தல். அரசனுக்கும் அவன் வெட்டிய குளத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? அடியில் இருப்பது ஏந்து என்ற வினை. கை எதையாவது ஏந்தும்போது இரண்டு காரியம் நடக்கிறது: பொருள் கீழே சிந்தாமல் தாங்கப்படுகிறது, தரையிலிருந்து உயர்த்தவும் படுகிறது. தாங்குவதைப் பிடித்துக்கொண்டு போன பொருள், கரை கட்டி நீரைத் தாங்கும் குளத்தில் போய் நின்றது. உயர்த்துவதைப் பிடித்துக்கொண்டு போன பொருள் மேட்டுக்கும் பெருமைக்கும் அரசனுக்கும் போனது.

பயணம் அதோடு முடியவில்லை. குளத்தின் பெயர் குளத்தங்கரையில் குடியேறியவர்களின் ஊருக்கு ஆனது. பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் என்று படித்தோமே, அதுதான் இது. பக்கத்தில் இருக்கும் குருவிகுளம் இன்னொரு சாட்சி. ‘குருவிகுளத்துக்குப் போறேன்’ என்று சொல்பவர் குளத்தில் இறங்கப் போவதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைய உண்டு. மழையை நம்பி வாழும் நிலத்தில் தண்ணீர் நிற்கும் இடம்தான் ஊரின் முகவரி.

ஒரே சொல்லைப் பல பொருளுக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. அதிலும் அன்றாடம் வாயில் புழங்கும் சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் அதிகம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர்போன சொல் ‘ரன்’. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக அதைத் திருத்தி எழுதிய பீட்டர் கிலிவர் என்ற அகராதிக்காரர், அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். முடிவில் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் கிடைத்தது. அதற்கு முன்பு, 1989 பதிப்பில், ‘செட்’ என்ற சொல் ஏறத்தாழ 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது.

இந்த 645-ஐயும் இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? துருக்கி மொழியை எடுத்துக்கொள்வோம். அதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. துருக்கியும் தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. வேர்ச்சொல்லுக்குப் பின்னால் விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும், வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம் அல்ல. இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜேம்ஸ் ரெட்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் ஆங்கிலம்–துருக்கி அகராதியை வெளியிட்டது 1861-இல். மிரன் வின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி சென்னையில் வெளிவந்தது 1862-இல். ஒரே காலத்தில் இரு மொழிகளும் ஆங்கிலத்தோடு ஒரே மல்லுக்கட்டில் இருந்திருக்கின்றன.

பிள்ளை ஓடினால் துருக்கியில் ‘கோஷ்மாக்’. ஆறு ஓடினால் ‘அக்மாக்’, அதாவது வழிதல், பாய்தல். மூக்கு ஒழுகினாலும் அதே அக்மாக்தான். இயந்திரம் ஓடினால் ‘சலிஷ்மாக்’, உழைக்கிறது என்று பொருள். ஒருவர் கடை நடத்தினால் ‘இஷ்லெத்மெக்’, வேலை செய்ய வைக்கிறார். திரையரங்கில் படம் ஓடினால் ‘ஒய்னாமாக்’, படம் ஆடுகிறது. தேர்தலில் ஒருவர் இறங்கினால் அவர் வேட்பாளர் ஆகிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்த வேலையைத் துருக்கியில் அரை டஜன் சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இப்போது தமிழுக்கு வருவோம். பிள்ளை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. கிணற்று மோட்டார் ஓடுகிறது. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிக்காரர்களிடம் தொழில் எப்படி என்று கேட்டால் ‘தறி ஓடுது’ என்றோ ‘தறி ஓடல’ என்றோ பதில் வரும். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதையே அந்தச் சொல் சொல்லிவிடும். நெசவிலேயே இன்னொரு ஓட்டமும் உண்டு: நூலை நீளவாக்கில் இழுத்துப் பாவு போடுவதைப் பாவோடுதல் என்பார்கள். செடிக்கு வேர் ஓடும். நாள் ஓடிப்போகும். மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஏதோ பொழப்பு ஓடுது’ என்று சொல்லாத தமிழர் கிடையாது.

இத்தனை இடத்தில் ஆங்கிலத்தோடு கை கோத்து வந்த தமிழ், சில இடத்தில் வேறு வழியில் போய்விடுகிறது. கடையை நாம் ஓடவைப்பதில்லை. நடக்கவைக்கிறோம், அதுதான் ‘நடத்துகிறார்’. மூக்கு ஒழுகும், ஓடாது. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், தமிழ்நாட்டில் வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டன் ஆங்கிலத்திலும் நிற்கத்தான் செய்கிறார். ஆக, ஒரு சொல்லின் பொருள்களை இன்னொரு சொல்லின் மேல் அப்படியே வைத்து அளக்க எந்த இரு மொழியிலும் வழியில்லை. அசைவு என்ற ஒரே அனுபவத்தை ஒவ்வொரு சமூகமும் தனக்குத் தெரிந்த இடத்தில் வெட்டிப் பங்கு வைத்திருக்கிறது.

கரிசல் நாட்டில் இதற்கு இன்னும் அழகான சான்று உண்டு. அங்கே பல வீடுகளில் தெலுங்கு வீட்டு மொழி, தமிழ் தெரு மொழி. தெலுங்கில் ‘ஓடு’ என்றால் ஓடுவதல்ல, தோற்பது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது. யோசித்தால் காரணம் புரியும். போர்க்களத்தில் தோற்றவன் என்ன செய்வான்? முதுகு காட்டி ஓடுவான். பழைய தமிழிலும் ‘ஓடாத வீரர்’ என்றால் தோற்காத வீரர்தான். தமிழ் காலின் வேலையை வைத்துக்கொண்டது, தெலுங்கு அந்த ஓட்டத்தின் முடிவை எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒரே வாயால் பேசுகிற கரிசல்காரர்கள், ஒரு சொல்லின் பல நூற்றாண்டுப் பயணத்தின் இரு முனைகளையும் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூரை ஓடு, ஆமை ஓடு, மண்டையோடு, திருவோடு என்பவையும் ஓடுதான். அவை தமக்குள் உறவு உடையவை: மேலே மூடும் கெட்டியான வளைந்த பொருள். ஆனால் ஓடுகிற ஓட்டுக்கும் அந்த ஓட்டுக்கும் சொந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயல். ‘ஓட்டு’ இன்னும் சிக்கல். வண்டியை ஓட்டு, ஓட்டு வீடு, ஓட்டுப் போடு. முதலாவது ஓடு என்ற வினையின் பிள்ளை. இரண்டாவது கூரை ஓட்டின் பிள்ளை. மூன்றாவது கடல் கடந்து வந்த ‘வோட்டு’, தமிழ் வாயில் தேய்ந்து ஏற்கெனவே இருந்த இருவரோடு சேர்ந்துகொண்டது.

துருக்கியிலும் இரண்டு வகையும் உண்டு. ‘யூஸ்’ என்றால் முகம், நூறு, நீந்து என்று மூன்று பொருள். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை, நம் ‘ஆறு’ எண்ணாகவும் நதியாகவும் ‘சூடு ஆறட்டும்’ என்பதாகவும் இருப்பதைப் போல. ஆனால் ‘அய்’ என்றால் நிலா, மாதம். இங்கே உறவு வெளிச்சமாகத் தெரிகிறது. தமிழில் திங்களும் அப்படியே, நிலவும் அதுதான், மாதமும் அதுதான். துருக்கியர்கள் நம்மிடமிருந்தோ நாம் அவர்களிடமிருந்தோ இதைக் கற்கவில்லை. நிலா தேய்ந்து வளரும் ஒரு சுற்றை மாதம் என்று எண்ணிய எல்லா மக்களும் தனித்தனியாக அங்கே போய்ச் சேரலாம்.

இப்படிச் சேர்ந்த இடங்களை மொழியியலாளர்கள் இப்போது தொகுத்து வருகிறார்கள். கிளிக்ஸ் என்ற தரவுத்தளத்தில் 3,000-க்கும் மேற்பட்ட மொழிகள், கிளைமொழிகளின் சொற்பட்டியல்கள் உள்ளன. எந்தெந்த இரு கருத்துகளுக்கு எந்தெந்த மொழிகள் ஒரே சொல்லைப் புழங்குகின்றன என்று அதில் தேடலாம். எடுத்துக்காட்டாக, தமிழில் தோள் முதல் விரல் வரை எல்லாம் கை. துருக்கியில் மேற்பகுதி ‘கோல்’, மணிக்கட்டுக்குக் கீழே ‘எல்’. ஆங்கிலமும் இரண்டாகத்தான் பிரிக்கிறது. 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதே முறையில் 2,474 மொழிகளில் உணர்ச்சிகளைக் குறிக்கும் சொற்களை ஒப்பிட்டது. எந்த உணர்ச்சி எந்த உணர்ச்சியோடு சொல்லைப் பகிர்ந்துகொள்கிறது என்பது மொழிக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்று அது கண்டது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குறையா, வசதியா? அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கிங்ஸ்லி சிஃப் 1945-இல் ஒரு கணக்கைக் காட்டினார். அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம். உயர்வு நேர்க்கோட்டில் இல்லை, ஏறக்குறைய வர்க்கமூலத்தில் போகிறது. நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பத்து மடங்கு பொருள் என்று தோராயமாகச் சொல்லலாம். 2012-இல் ஸ்டீவன் பியன்டடோசியும் அவருடைய கூட்டாளிகளும் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மொழிகளில் பார்த்தபோது, குட்டையான, சொல்ல எளிதான சொற்களே பல பொருளைச் சுமக்கின்றன என்று தெரிந்தது. அவர்கள் சொன்ன காரணம் எனக்கு முழு நிறைவு தருகிறது. பேசும் இடமும் சூழலும் பாதிப் பொருளைக் கேட்பவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. பிறகு சொல்லும் அதையே திரும்பச் சொல்லத் தேவையில்லை. எனவே மொழி எளிய சொற்களை மறுபடி மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தறிக்கொட்டகைக்குள் நின்று ‘ஓடுதா?’ என்று கேட்டால், தறியா பிள்ளையா என்ற சந்தேகம் யாருக்கும் வராது. ஓட்டத்துக்கு ஒன்று, தறிக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சொல் இருந்திருந்தால் அகராதி இன்னும் பெருத்திருக்கும், குழந்தை கற்க வேண்டிய சொற்களும் கூடியிருக்கும்.

கேட்பவர் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் வியப்பானது. 1979-இல் டேவிட் ஸ்வின்னி ஒரு சோதனை செய்தார். ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும் அதே சொல்தான். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே அந்தச் சொல் காதில் விழும்படி ஒரு கதையை ஒலிக்கவிட்டார். சொல் முடிந்த அந்தக் கணத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும். ‘எறும்பு’ வந்தால் பங்கேற்றவர்கள் சட்டென்று அடையாளம் கண்டார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் ‘உளவாளி’ வந்தாலும் அதே வேகம். அறையில் பூச்சி பற்றித்தான் பேச்சு என்று தெளிவாகத் தெரிந்திருந்தும், உளவுப் பொருளும் மூளைக்குள் விழித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் மூன்று அசை கழித்துச் சோதித்தால் எறும்பின் வேகம் மட்டும் மிஞ்சியது, உளவாளி அணைந்துவிட்டான். நமக்குத் தெரியாமலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் மூளை எல்லாக் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாததை ஒரு நொடிக்குள் மூடுகிறது.

2002-இல் ஜெனிஃபர் ராட் தலைமையில் நடந்த ஆய்வு முன்பு சொன்ன வேறுபாட்டைச் சோதித்தது. உறவில்லாத பொருள்கள் ஒரே ஒலியில் மாட்டிக்கொண்ட சொற்களை அடையாளம் காண மூளைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. உறவுள்ள பல பொருள் உடைய சொற்களையோ, ஒரே பொருள் உடையவற்றைவிட விரைவாக அடையாளம் காண்கிறது. அந்தச் சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. தமிழிலும் அப்படியே என்றால், ‘ஓட்டு’ நமக்குச் சிறிது தடுமாற்றம் தரும், தறிக்கும் பஸ்ஸுக்கும் நாளுக்கும் ஓடும் ‘ஓடு’ நமக்கு உதவும். பல்கலைக்கழகங்களில் உளவியலும் மொழியியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் எடுத்துச் செய்து பார்க்கத் தகுந்த வேலை இது.

சரியான கதவை எதைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் தொல்காப்பியத்தின் முன் கைகூப்பத் தோன்றுகிறது. காலத்தை எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நூல் அது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், பல பொருள் குறித்த ஒரு சொல்லை இரண்டு வகையாகப் பிரிக்கிறார் தொல்காப்பியர். ஒரு வகையில் கூட வரும் வினையே பொருளைக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வகையில் வினை அதைக் காட்டாது. முதல் வகையில் பொருளைத் தெளிய மூன்று வழி சொல்கிறார்: வினை, இனம், சார்பு.

உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் ‘மா’. மா பூத்தது என்றால் மரம், வினை சொல்லிவிட்டது. மருத மரத்தோடு சேர்த்து மாவைச் சொன்னாலும் மரம்தான், பக்கத்தில் இருக்கும் இனம் சொல்லிவிட்டது. போர்க்கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டுவா என்றால் அது குதிரை. அங்கே சொல் எதுவும் உதவவில்லை, அவன் நிற்கும் கோலம் உதவியது. அதுவே சார்பு. ஆனால் மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். இதுதான் இரண்டாவது வகை. இங்கே பேசுபவர் எந்த மா என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது தொல்காப்பியம். பொறுப்பை எப்போது கேட்பவரிடம் விடலாம், எப்போது பேசுபவர் ஏற்க வேண்டும் என்ற எல்லைக்கோடு வரை அதில் இருக்கிறது.

கணினி அறிஞர்கள் இதே இடத்துக்கு வர 1949 ஆனது. அந்த ஆண்டு வாரன் வீவர் எழுதிய குறிப்பில், இயந்திரம் ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் தெரியாது, இருபுறமும் உள்ள சில சொற்களையும் பார்க்கவிட்டால் தெரியலாம் என்றார். தொல்காப்பியரின் வினையும் இனமும் இதில் வந்துவிட்டன. 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் மறுத்தார். அவர் காட்டிய வாக்கியம் மிக எளியது: குழந்தை தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறது, கடைசியில் பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் பென் என்றால் பேனா, அடைப்புக் கட்டிய பட்டியும் பென்தான். பெட்டி பேனாவுக்குள் போகாது, பட்டிக்குள் போகும் என்பது மனிதருக்குத் தெரியும். பக்கத்துச் சொற்களில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. உலகத்தைப் பற்றிய அறிவு வேண்டும், அது இயந்திரத்துக்கு எப்படி வரும் என்று கேட்டார். தொல்காப்பியர் சார்பு என்று தனியாக எடுத்துவைத்த இடம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு கூடுதலாக இனிக்கும். பட்டி என்ற சொல்லே ஆடுமாடு அடைக்கும் இடத்துக்கும் ஊருக்கும் பொது.

இன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் பார்-ஹில்லெலின் வாக்கியத்தைக் கடந்து வந்துவிட்டன. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடும் என்று பழகி, அதன் வழியாகச் சார்பின் ஒரு பகுதியையும் பிடித்திருக்கின்றன. ஆனால் அவை படித்தது பெரும்பாலும் எழுத்தில் இருப்பதைத்தான். எழுத்தில் ஏறாத பொருள் அவற்றுக்கு எளிதில் எட்டாத பொருள். ‘பாவு ஓடுது’ என்பதை நெசவாளர் பேசுகிறார், எழுதுவதில்லை.

பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கும் பொருளைத் தாளில் ஏற்றும் வேலையைக் கரிசல் மண்ணில் தொடங்கிவைத்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன் (1923–2021). வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த அவர் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, பண்டிதர்கள் திரும்பிப் பார்க்காத சொற்களுக்கு இடம் கொடுத்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ்ப் பேரகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைச் சேர்த்தது. அதன் பலம் நூல்களில் இருந்தது, பேச்சில் அல்ல. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் இன்றைய வாக்கியத்தை எடுத்துக்காட்டாகத் தந்து அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது. ஒரு சொல்லின் பொருளை வாக்கியம் இல்லாமல் தருவது, மா விழுந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான்.

இளையரசனேந்தல் சுற்று வட்டாரத்திலும் இதுபோன்ற எல்லா வட்டாரங்களிலும் தமிழாசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் ஒரே ஒரு வினையைக் கொடுங்கள். ஓடு, போடு, எடு, விடு, படி, அடி, எதுவாகவும் இருக்கலாம். தாத்தா, ஆச்சி, தறிக்காரர், ஆட்டுக்காரர், தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் அக்கா, எல்லாரிடமும் அந்தச் சொல் வரும் வாக்கியங்களை அவர்கள் சொன்னபடியே எழுதிவரச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். யார், எந்த ஊர், என்ன தொழில் என்பதை மட்டும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அகராதியில் இல்லாத பொருள் ஒன்றாவது அந்த நோட்டில் கிடைக்கும்.